ஹார்மோன் கருத்தடை: முதலில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதா என்று பாருங்கள் (மாத்திரை, ஊசி, இம்பிளான்ட், காயில் - விவாத இழை)

#1 தாழை

பொதுப் பகுதியில் கருத்தடை மாத்திரை பற்றிய கேள்விகள் சிதறிக் கிடக்கின்றன. ரத்தம் உறையுமா, புற்றுநோய் வருமா, நிறுத்திய பிறகு குழந்தை தங்குமா என்று கேட்கிறார்கள். பதில் சொல்பவர்களில் ஒருவர் மாத்திரையை மனதில் வைத்து எழுதுகிறார், அடுத்தவர் மூன்று மாத ஊசியை வைத்து அதை மறுக்கிறார். இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். பேசும் மருந்துதான் வேறு வேறு.

ஆகவே இங்கே ஒரே ஒரு விதி. எதைப் பற்றி எழுதினாலும் அதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உண்டா இல்லையா என்பதைச் சொல்லிவிட்டு எழுதுங்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் போலச் செயல்படும் செயற்கை ஹார்மோன்) சேர்ந்தவை: கூட்டு மாத்திரை, தோலில் ஒட்டும் பேட்ச், யோனி வளையம். புரோஜெஸ்டின் மட்டும் உள்ளவை: மினி பில், மூன்று மாத ஊசி, மேற்கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்பிளான்ட், கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில். சாதாரண காப்பர் டி-யில் ஹார்மோனே கிடையாது.

முதல் கேள்வியை நானே வைக்கிறேன். மாத்திரை விட்டுப்போனால் என்ன செய்வது? பெட்டிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டைப் படித்தாலும் பலருக்குக் குழப்பம் தீர்வதில்லை.

#2 மருந்துச்சீட்டு

கூட்டு மாத்திரையைச் சொல்கிறேன் (ஈஸ்ட்ரோஜன் உண்டு). 21 நாள் ஹார்மோன், 7 நாள் இடைவெளி என்பது வழக்கமான அட்டை. 28 மாத்திரை இருந்தால் கடைசி 7 வெறும் மாத்திரை. சிலவற்றில் அதில் இரும்புச்சத்து இருக்கும். 24 + 4 என்ற அட்டைகளும் உண்டு.

குழப்பத்துக்குக் காரணம், எந்த மாத்திரை விட்டுப்போனாலும் ஆபத்து ஒரே அளவு என்று நினைப்பது. அப்படி இல்லை. ஹார்மோன் மாத்திரையைத் தொடர்ந்து 7 நாள் எடுத்தால் சினைப்பை அடங்கிவிடும். அந்த 7 நாள் இடைவெளியில் அது மறுபடி விழிக்கத் தொடங்கும். முட்டைப்பைகள் வளர ஆரம்பிக்கும். எட்டாம் நாள் புது அட்டையைத் தொடங்கினால் திரும்பவும் அடங்கும். இடைவெளி 9, 10 நாள் என்று நீண்டால்தான் முட்டை வெளிவர வாய்ப்பு வருகிறது. ஆகவே அட்டையின் தொடக்கத்திலும் முடிவிலும் விட்டுப்போவதுதான் மோசம், ஏனென்றால் இரண்டுமே அந்த இடைவெளியை நீட்டுகின்றன. நடுவில் ஒன்று விட்டுப்போவது சிறிய விஷயம்.

ஒன்று மட்டும் விட்டுப்போனால், அதாவது எடுக்க வேண்டிய நேரம் கடந்து 48 மணி நேரம் ஆகவில்லை என்றால்: நினைவு வந்தவுடன் எடுங்கள், அடுத்ததை அதன் வழக்கமான நேரத்தில் எடுங்கள். ஒரே நாளில் இரண்டு வந்தாலும் பரவாயில்லை. ஆணுறை தேவையில்லை.

இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து விட்டுப்போனால்: கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் எடுங்கள், மற்றவற்றைத் தூக்கிப் போடுங்கள். சேர்த்து நாலைந்து விழுங்கினால் குமட்டல்தான் மிச்சம். தொடர்ந்து 7 ஹார்மோன் மாத்திரை எடுத்து முடியும்வரை ஆணுறை. விட்டது ஹார்மோன் மாத்திரைகளின் கடைசி வாரம் என்றால் இடைவெளியே வேண்டாம். வெறும் மாத்திரைகளைத் தள்ளிவிட்டு நேராகப் புது அட்டைக்குப் போங்கள். விட்டது முதல் வாரம் என்றால், முந்தைய 5 நாளுக்குள் பாதுகாப்பில்லாத உறவு நடந்திருந்தால் அவசர மாத்திரை (உறவுக்குப் பிறகு கர்ப்பத்தைத் தடுக்க எடுப்பது) பற்றி யோசிக்க வேண்டும்.

வெறும் மாத்திரை விட்டுப்போனால் ஒன்றும் இல்லை. தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.

#3 எண்ணெழுத்து

சேர்க்க வேண்டியது: மாத்திரை எடுத்து 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அது உள்ளே போகவில்லை என்றே வைத்துக்கொண்டு இன்னொன்றை எடுக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ நீடித்தால், அந்த நாள்களை மாத்திரை விட்டுப்போன நாள்களாகவே எண்ணுங்கள்.

மாதவிடாய் தொடங்கிய முதல் 5 நாளுக்குள் கூட்டு மாத்திரையை ஆரம்பித்தால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. வேறு நாளில் தொடங்கினால் முதல் 7 நாள் ஆணுறை வேண்டும். அடுத்த மாதவிடாய் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கர்ப்பம் இல்லை என்று ஓரளவு உறுதியாகத் தெரிந்தால் போதும்.

இப்போது எண்கள். ஓராண்டு பிசகாமல் எடுத்தால் 100 பேரில் 0.3 பேருக்குக் கர்ப்பம். நடைமுறையில் 7 பேருக்கு. ஊசிக்கு 0.2, நடைமுறையில் 4. இம்பிளான்ட்டுக்கு இரண்டுமே 0.1 அளவில்தான், ஏனென்றால் அதில் மறக்க எதுவும் இல்லை. மருந்தின் குறை எவ்வளவு, மறதியின் குறை எவ்வளவு என்பது இந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் இருக்கிறது.

#4 செங்காந்தள்

மினி பில்லுக்கு #2-இல் சொன்ன 48 மணி நேரக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். மருந்துக்கு மருந்து மாறும்:

நோரெத்திஸ்டிரோன், லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற புரோஜெஸ்டின்கள் உள்ள பழைய மினி பில்: 3 மணி நேரம் தாமதமானாலே விட்டதாகக் கணக்கு. இவை பெரும்பாலும் கருப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவைத் தடுப்பவை. ஒரு நாள் கழிந்தால் அந்தச் சளி இளகிவிடும்.

டெசோஜெஸ்ட்ரெல் 75 மைக்ரோகிராம்: 12 மணி நேரம் வரை தாங்கும். இது பெரும்பாலான சுழற்சிகளில் முட்டை வெளிவருவதையே நிறுத்திவிடுகிறது, அதனால்தான் இந்தச் சலுகை.

டிரோஸ்பிரினோன் 4 மில்லிகிராம்: 24 மணி நேரம். இதில் மட்டும் 24 மாத்திரைக்குப் பிறகு 4 வெறும் மாத்திரை உண்டு. மற்ற மினி பில்களில் இடைவெளியே கிடையாது, 28-உம் ஹார்மோன். "மாதவிடாய் வந்துவிட்டது, நிறுத்திவிட்டேன்" என்று சொல்பவர்கள் தவறுவது இங்கேதான்.

முதல் இரண்டு வகையில் தாமதமானால் உடனே எடுத்துவிட்டு 2 நாள் ஆணுறை. டிரோஸ்பிரினோனுக்கு 7 நாள்.

#5 வேப்பங்காற்று

ரத்த உறைவுக்கு வருவோம். செய்திகளில் "இரண்டு மடங்கு, மூன்று மடங்கு" என்று போடுகிறார்கள். எதற்கு மூன்று மடங்கு என்று யாரும் சொல்வதில்லை.

#6 எண்ணெழுத்து

ஐரோப்பிய மருந்து முகமை தரும் கணக்கு இது. ஓராண்டில் 10,000 பெண்களில்:

ஹார்மோன் எடுக்காத, கர்ப்பமில்லாத பெண்களில் சுமார் 2 பேருக்கு உறைவு வருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரெல், நோரெத்திஸ்டிரோன், நார்ஜெஸ்டிமேட் உள்ள கூட்டு மாத்திரையில் 5 முதல் 7. டெசோஜெஸ்ட்ரெல், ஜெஸ்டோடீன், டிரோஸ்பிரினோன் உள்ள கூட்டு மாத்திரையில் 9 முதல் 12. பேட்ச், வளையம் இரண்டிலும் 6 முதல் 12.

கர்ப்ப காலத்தில் இது இவற்றையெல்லாம் விட அதிகம். பிரசவத்தை ஒட்டிய சில வாரங்களில் பல மடங்கு. கருத்தடைக்குப் பயந்து திட்டமிடாத கர்ப்பத்துக்குப் போகிறவர் உறைவு ஆபத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை, கூட்டிக்கொள்கிறார்.

மினி பில், இம்பிளான்ட், ஹார்மோன் காயில் ஆகியவற்றில் இந்த உயர்வு காணப்படவில்லை. உறைவுக்கு முக்கியக் காரணம் எத்தினில் ஈஸ்ட்ரடியால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன். அது கல்லீரலில் உறைதல் காரணிகளின் உற்பத்தியைக் கூட்டுகிறது. ஊசி விஷயத்தில் சில ஆய்வுகள் சற்றே உயர்வு காட்டுகின்றன, அதைத் தனியாகப் பேச வேண்டும்.

#7 வேப்பங்காற்று

அப்படியென்றால் 9 முதல் 12 உள்ளதை எழுதிக்கொடுப்பதே தவறு அல்லவா? 5-இல் முடியும் வேலைக்கு ஏன் 12?

#8 மருந்துச்சீட்டு

முதல்முறை தொடங்குபவருக்கு, வேறு காரணம் எதுவும் இல்லாதபோது, லெவோநார்ஜெஸ்ட்ரெல் 150 + எத்தினில் ஈஸ்ட்ரடியால் 30 மைக்ரோகிராம் என்பதுதான் பல வழிகாட்டிகளின் முதல் தேர்வு. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் லெவோநார்ஜெஸ்ட்ரெல்லுக்கு ஆண் ஹார்மோன் சாயல் கொஞ்சம் உண்டு. சிலருக்கு முகப்பரு குறையாமலே நிற்கும். டிரோஸ்பிரினோன் அதற்கு நேர் எதிர். மாதவிடாய்க்கு முன் வரும் கடுமையான மனநிலைச் சரிவுக்கு டிரோஸ்பிரினோன் 3 மில்லிகிராம் உள்ள 24 + 4 அட்டை சிகிச்சையாகவே பயன்படுகிறது. ஒருவருக்கு இந்தத் தேவை இருந்து, உறைவுக்கான வேறு காரணங்கள் இல்லையென்றால் 10,000-இல் நாலைந்து பேர் கூடுதல் என்பது ஏற்கக்கூடிய பேரம். வெறும் கருத்தடைக்கு மட்டும் என்றால் வேப்பங்காற்று சொல்வதுதான் சரி.

டிரோஸ்பிரினோனில் இன்னொரு கணக்கும் உண்டு: உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் வகை மாத்திரையோ ஸ்பைரோனோலாக்டோனோ எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த மருந்தே வேண்டாம்.

#9 தாழை

இடையில் ஒன்று. "ஆறு மாதம் எடுத்து இரண்டு மாதம் இடைவெளி விடணும், உடம்பு சுத்தமாகும்" என்ற பழக்கம் பரவலாக இருக்கிறது. சரியா?

#10 எண்ணெழுத்து

தலைகீழ். கூட்டு மாத்திரையில் உறைவு ஆபத்து உச்சத்தில் இருப்பது முதல் ஆண்டில், அதிலும் முதல் சில மாதங்களில். 4 வாரமோ அதற்கு மேலோ நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் அந்த உச்சம் திரும்ப வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடைவெளி விடுபவர் எப்போதும் முதல் மாதங்களிலேயே இருக்கிறார். நடுவில் கர்ப்பம் வேறு. மருந்து சில நாளில் உடலை விட்டுப் போய்விடும், தேங்கிக் கிடந்து சுத்தம் செய்யப்பட வேண்டியது எதுவும் இல்லை.

அதேபோல, 7 நாள் இடைவெளியில் வரும் உதிரப்போக்கு உண்மையான மாதவிடாய் அல்ல. ஹார்மோன் திடீரென்று நின்றதால் கருப்பையின் உள்சவ்வு உதிர்கிறது, அவ்வளவே. அது உடம்புக்குத் தேவையில்லை. இடைவெளி இல்லாமல் மூன்று அட்டைகளைத் தொடர்ந்து எடுக்கலாம், ஆண்டு முழுவதும்கூட எடுக்கலாம். நடுவில் கறை பட்டு மூன்று நாலு நாள் தொடர்ந்தால் 4 நாள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம். அதற்கு முன் குறைந்தது 21 நாள் எடுத்திருக்க வேண்டும்.

#11 செங்காந்தள்

யாருக்கு ஈஸ்ட்ரோஜன் கூடாது என்பதை இந்த இழையில் யாராவது முழுதாக எழுதியே ஆக வேண்டும். கூட்டு மாத்திரை தொடங்குமுன் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் கட்டாயமில்லை. ரத்த அழுத்தம் பார்ப்பது கட்டாயம். பிறகு சில கேள்விகள்.

காலிலோ நுரையீரலிலோ முன்பு உறைவு வந்ததா? ரத்தம் எளிதில் உறையும் பிறவிக் கோளாறு இருக்கிறதா? பக்கவாதம், மாரடைப்பு வந்ததா? மார்பகப் புற்றுநோய்? கல்லீரல் சுருக்கம், கல்லீரல் கட்டி? ரத்தத்தை உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்பொருள் உள்ள லூபஸ் (எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்)? இதில் எதற்கு ஆம் என்றாலும் ஈஸ்ட்ரோஜன் வேண்டாம். அழுத்தம் 160/100-ஐத் தொட்டால் கண்டிப்பாக வேண்டாம். 140/90-ஐத் தாண்டினாலே வேறு முறை பார்ப்பது நல்லது. 35 வயதுக்கு மேல் புகைபிடிப்பவர்களுக்கும் வேண்டாம்.

அதிகம் தவறவிடப்படுவது ஒற்றைத் தலைவலி. "மைக்ரேன் இருக்கா" என்று கேட்டு ஆம்/இல்லை வாங்குவது போதாது. தலைவலிக்கு முன் பார்வையில் பளபளக்கும் வளைகோடு தோன்றி விரிகிறதா, ஒரு பகுதி மறைகிறதா, ஒரு பக்கக் கை விரலில் மரத்துப்போதல் தொடங்கி முகம் வரை ஏறுகிறதா என்று கேட்க வேண்டும். இவை 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நீடித்துப் பிறகு தலைவலி தொடங்கும். இப்படி முன்னறிகுறி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் எந்த வயதிலும் கூடாது, பக்கவாத ஆபத்து கூடுகிறது. தலைவலியின்போது வெளிச்சம் கூசுவது, குமட்டுவது மட்டும் முன்னறிகுறி ஆகாது. மாத்திரை தொடங்கிய பிறகு புதிதாக இப்படி வந்தால் அன்றே நிறுத்த வேண்டும்.

படுக்கையில் இருக்க வேண்டிய பெரிய அறுவை சிகிச்சைக்கு 4 வாரம் முன்பே கூட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு மினி பில்லுக்கு மாறலாம்.

எடுத்துக்கொண்டிருக்கும்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியவை: ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இதுவரை வராத வகைத் தலைவலி, திடீர்ப் பார்வைக் குறைவு, பேச்சுக் குழறல், கடுமையான மேல்வயிற்று வலி. மருத்துவமனையில் "மாத்திரை எடுக்கிறேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வைட்டமின் மாதிரி நினைத்துச் சொல்லாமல் விடுபவர்கள் நிறைய.

#12 கரிசல்

பிரசவத்துக்குப் பிறகு?

#13 செங்காந்தள்

தாய்ப்பால் கொடுக்காதவருக்குப் பிரசவத்திலிருந்து 21 நாளுக்குள் ஈஸ்ட்ரோஜன் கூடாது. சிசேரியன், உடல்பருமன் போன்ற கூடுதல் காரணம் இருந்தால் 6 வாரம் வரை கூடாது. தாய்ப்பால் கொடுப்பவருக்கு 6 வாரத்துக்குள் கூடவே கூடாது, உலக சுகாதார நிறுவன வழிகாட்டி 6 மாதம் வரை தவிர்க்கவே சொல்கிறது. மினி பில்லும் இம்பிளான்ட்டும் உடனேயே தொடங்கலாம். ஊசியை, பால் கொடுப்பவர்கள் 6 வாரம் கழித்துப் போடுவது அந்த வழிகாட்டியின் பரிந்துரை. பால் கொடுக்காத தாய்க்கு நாலாவது வாரத்திலேயே முட்டை வெளிவரலாம், மாதவிடாய் வரட்டும் என்று காத்திருந்தால் பிந்திவிடும்.

#14 மருந்துச்சீட்டு

மற்ற மருந்துகளோடு மோதல். ஆன்டிபயாட்டிக் எடுத்தால் மாத்திரை வேலை செய்யாது என்பது பாதிக் கதை. அமாக்சிசிலின், அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்றவை ஒன்றும் செய்யாது (வாந்தி, வயிற்றுப்போக்கு வராத வரை). காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின்தான் நிஜமான எதிரி. கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டு ஹார்மோனை வேகமாக உடைக்கும். நிறுத்தி 4 வாரம் வரை அந்த விளைவு இருக்கும். வலிப்பு மருந்துகளில் கார்பமசெபின், ஃபெனிட்டாய்ன், ஃபீனோபார்பிட்டால், ஆக்ஸ்கார்பசெபின், அளவு கூடினால் டோபிராமேட். எச்ஐவி மருந்துகளில் எஃபாவிரென்ஸ். மூலிகைகளில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட். இவற்றை எடுப்பவர்களுக்குக் கூட்டு மாத்திரை, மினி பில், இம்பிளான்ட் மூன்றுமே நம்பத்தக்கவை அல்ல. மூன்று மாத ஊசி, ஹார்மோன் காயில், காப்பர் டி மூன்றும் தாக்குப்பிடிக்கும்.

லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்து மட்டும் எதிர்த்திசையில் மோதும். ஈஸ்ட்ரோஜன் அதன் ரத்த அளவைப் பாதி வரை இறக்கிவிடும். அடங்கியிருந்த வலிப்பு திரும்பலாம். இடைவெளி வாரத்தில் அளவு திடீரென்று ஏறித் தலைசுற்றல் வரும். வலிப்பு மருத்துவருக்குத் தெரியாமல் கூட்டு மாத்திரையைத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

#15 கரிசல்

அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் எப்போது போட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்து மூன்றாம் நாள் வரை தள்ளுகிறார்கள். அதையும் விளக்கினால் நல்லது.

#16 எண்ணெழுத்து

வழக்கமான அவசர மாத்திரையான லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் செய்வது ஒன்றுதான்: முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. முட்டையை வெளியேற்றும் எல்எச் ஹார்மோன் ஏறத் தொடங்கிவிட்டால் அதனால் தடுக்க முடியாது. ஏற்கெனவே உருவான கர்ப்பத்தை அது கலைக்காது, கெடுக்கவும் செய்யாது. ஆகவே 72 மணி நேரம் என்பது வெளி எல்லை. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் எல்எச் முந்திக்கொள்ள இடம் கொடுக்கிறது.

இன்னொரு அவசர மாத்திரையான உலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராம் 120 மணி நேரம் வரை. எல்எச் ஏறத் தொடங்கிய பிறகும், உச்சத்தை அடையும்வரை, இது தடுக்கும். சுழற்சியின் நடுவில் உறவு நடந்திருந்தால் இதுவே மேல். எடை 70 கிலோவுக்கு மேலோ பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 26-க்கு மேலோ இருந்தால் லெவோநார்ஜெஸ்ட்ரெல்லின் பலன் குறையலாம். உலிப்ரிஸ்டல், இல்லையென்றால் இரட்டை அளவாக 3 மில்லிகிராம் என்று பிரிட்டிஷ் வழிகாட்டி சொல்கிறது. எல்லாவற்றையும் விட உறுதியானது 5 நாளுக்குள் வைக்கும் காப்பர் டி. அப்படியே கருத்தடையாகவும் தொடரும்.

தவறு நடக்கும் இடம்: உலிப்ரிஸ்டல் எடுத்த அன்றே கருத்தடை மாத்திரையைத் தொடங்குவது. புரோஜெஸ்டின் அதன் வேலையைக் கெடுத்துவிடும். 5 நாள் பொறுத்துத் தொடங்க வேண்டும், அதுவரையும் அதற்குப் பிறகு 7 நாளும் ஆணுறை. லெவோநார்ஜெஸ்ட்ரெல் எடுத்தால் உடனே தொடங்கலாம். எதுவாக இருந்தாலும் 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி எடுக்க வேண்டும். 3 வாரம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை.

#17 மருந்துச்சீட்டு

இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன், கடைகளில் தினமும் குழப்பப்படுவது. மாதவிடாயைத் தள்ளிப்போட எடுக்கும் நோரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம் (எதிர்பார்க்கும் தேதிக்கு 3 நாள் முன்பிருந்து தினமும் 3 வேளை) கருத்தடை அல்ல. அந்த நாள்களில் பாதுகாப்பு இருப்பதாக நம்ப வேண்டாம். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரப்போக்கு வரும். பெயரளவில் இது புரோஜெஸ்டின் மட்டும்தான். ஆனால் இந்த அளவில் ஒரு பகுதி உடலுக்குள் எத்தினில் ஈஸ்ட்ரடியாலாக மாறுகிறது. எனவே #11-இல் உள்ள உறைவு வரலாறு இவர்களுக்கும் பொருந்தும். அப்படிப்பட்டவர்களுக்கு மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் மாற்றாகத் தரப்படுகிறது.

#18 கடலோடி

ஊசியைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. 150 மில்லிகிராம் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் தசையில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தோலுக்கடியில் போடும் 104 மில்லிகிராம் வடிவமும் உண்டு, பழகிக்கொண்டால் தாமே போட்டுக்கொள்ளலாம். தசை ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மருந்து வேகமாகக் கரைந்து காலம் குறையும். தேதி தாண்டினாலும் 4 வாரம் வரை தாமதமாகப் போடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முதல் மாதங்களில் ஒழுங்கற்ற உதிரப்போக்கு, ஓராண்டில் பாதிப் பேருக்கு மாதவிடாய் நின்றேவிடும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் ஊசி போடுவதுதான் இரண்டாவது ஊசிக்கு ஆள் வராததற்குக் காரணம். "கெட்ட ரத்தம் உள்ளேயே தேங்குகிறது" என்று பயப்படுகிறார்கள். உள்சவ்வே வளரவில்லை, தேங்குவதற்கு எதுவும் இல்லை.

மூன்று உண்மையான குறைகள். எலும்பு அடர்த்தி குறையும், நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். ஆகவே பதின்ம வயதினரும் மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குபவர்களும் யோசிக்க வேண்டும். எடை கூடலாம், முதல் 6 மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் ஏறியவர்களுக்குத் தொடர்ந்தும் ஏறுகிறது, அவர்கள் முறையை மாற்றுவது நல்லது. மூன்றாவது, கருத்தரிக்கும் திறன் திரும்பத் தாமதம்: கடைசி ஊசியிலிருந்து சராசரியாகச் சுமார் 10 மாதம். அடுத்த ஆண்டே குழந்தை வேண்டும் என்பவருக்கு இது பொருத்தமான முறை அல்ல. மலட்டுத்தன்மை வராது. மற்ற முறைகளில் இந்தத் தாமதமும் கிடையாது.

2024-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில், இந்த ஊசியை ஓராண்டுக்கு மேல் போட்டவர்களுக்கு மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா கட்டி ஐந்து மடங்குக்கு மேல் அதிகமாகக் காணப்பட்டது. கட்டி அரிது, ஆகவே ஐந்து மடங்கும் சிறிய எண்தான். முன்பு அந்தக் கட்டி வந்தவர்களுக்கு ஊசி வேண்டாம். ஹார்மோன் காயிலில் அந்த உயர்வு தெரியவில்லை.

#19 செங்காந்தள்

இம்பிளான்ட்: 4 சென்டிமீட்டர் நீளக் குச்சி, 68 மில்லிகிராம் எட்டோனோஜெஸ்ட்ரெல், 3 ஆண்டு. வைத்த அன்றே விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் ஆழமாகப் போயிருக்கலாம், எடுக்கும்போது சிரமம். எடுத்துவிடச் சொல்லி வருபவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் எப்போது வரும் என்று தெரியாத உதிரப்போக்குதான்.

ஹார்மோன் காயில்: 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல், தொடக்கத்தில் நாளுக்கு 20 மைக்ரோகிராம் கசியும், கருத்தடைக்கு 8 ஆண்டு வரை. அதிக உதிரப்போக்குக்கு இதைப் போல வேலை செய்யும் மாத்திரை இல்லை. சில மாதங்களில் 90 சதவீதம் வரை குறைத்துவிடும். கருப்பையை எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் முதலில் இதைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும். 20 பேரில் ஒருவருக்குத் தானாக வெளியே வந்துவிடும். வைக்கும்போது கருப்பைச் சுவரைத் துளைப்பது ஆயிரத்தில் ஒன்றிரண்டு.

#20 வேப்பங்காற்று

மனநிலை? "எல்லாம் மனப்பிரமை" என்று தள்ளிவிடுவதை நான் ஏற்க மாட்டேன்.

#21 எண்ணெழுத்து

தள்ளக் கூடாதுதான். 2016-இல் டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்ததில், கூட்டு மாத்திரை எடுப்பவர்கள் முதன்முறையாக மனச்சோர்வு மருந்து தொடங்குவது எடுக்காதவர்களைவிட 1.2 மடங்கு, பதின்ம வயதில் 1.8 மடங்கு. இது தொடர்பு, காரணம் என்று நிரூபணம் அல்ல. புதிய உறவு, வயது, மருத்துவரைப் பார்க்கும் பழக்கம் எல்லாம் இதில் கலந்திருக்கும். இருந்தாலும் தொடங்கிய முதல் மூன்று மாதத்தில் மனம் சரிந்தால் மாத்திரையைச் சந்தேகிப்பது நியாயம், புரோஜெஸ்டினை மாற்றிப் பார்ப்பதும் நியாயம். எடை விஷயத்தில், கூட்டு மாத்திரையால் பெரிய ஏற்றம் இல்லை என்பதே சோதனைகள் காட்டுவது. ஊசிக்கு அப்படிச் சொல்ல முடியாது.

புற்றுநோய்க் கேள்விக்கும் இங்கேயே: ஹார்மோன் கருத்தடை எடுக்கும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் சுமார் 1.2 மடங்கு. 2017 டென்மார்க் கணக்கில் ஓராண்டில் ஒரு லட்சம் பேருக்கு 13 பேர் கூடுதல், நிறுத்திய பிறகு மெல்லக் குறைந்து மறையும். புரோஜெஸ்டின் மட்டும் உள்ளவற்றிலும் ஏறக்குறைய இதே அளவு, ஆக இங்கே ஈஸ்ட்ரோஜன் பிரிவினை உதவாது. மாத்திரையை 5 ஆண்டுக்கு மேல் எடுத்தால் கருப்பை வாய்ப் புற்றுநோய் கூடுகிறது. அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கான பரிசோதனை தவறக் கூடாது. மறுபக்கம், கூட்டு மாத்திரையை 5 ஆண்டு எடுத்தால் சினைப்பைப் புற்றுநோய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, கருப்பை உள்சவ்வுப் புற்றுநோய் நாலில் ஒரு பங்கு. நிறுத்திப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பாதுகாப்பு நிற்கிறது. குடும்பத்தில் என்ன நோய் ஓடுகிறது என்பதைப் பொறுத்து இந்தத் தராசு ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் சாயும்.

#22 கரிசல்

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) உள்ளவர்களுக்குக் கூட்டு மாத்திரையைக் கொடுப்பது நோயை மூடிமறைப்பது என்கிறார்களே?

#23 செங்காந்தள்

மூலக் காரணத்தை அது தீர்க்காது, உண்மை. ஆனால் அங்கே அதற்கு வேறு வேலை இருக்கிறது. மாதக்கணக்கில் மாதவிடாய் வராதபோது உள்சவ்வு ஈஸ்ட்ரோஜனால் மட்டுமே வளர்ந்துகொண்டே போகும். அது செல்கள் புற்றை நோக்கி மாற வழி. மாத்திரை அதைத் தடுக்கிறது. கூடவே ஆண் ஹார்மோனைக் கட்டிப்போடும் புரதத்தைக் கல்லீரலில் கூட்டுவதால் பருவும் முகரோமமும் குறையும்; பருவுக்கு 3 மாதம், ரோமத்துக்கு 6 மாதம் பொறுக்க வேண்டும். மாத்திரை வேண்டாம் என்பவர்கள், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை உதிரப்போக்கு வரும்படி புரோஜெஸ்டின் மட்டும் சில நாள் எடுத்துக்கொள்ளலாம். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) வலிக்கு இடைவெளி இல்லாமல் தொடர்ந்து எடுப்பதே பலன் தரும்.

#24 தாழை

கடைசியாக ஒன்று. ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இடையில் நாள் விடுவதால் கர்ப்பமாவதைப் பற்றி.

#25 மருந்துச்சீட்டு

கூட்டு மாத்திரையிலிருந்து மினி பில்: கடைசி ஹார்மோன் மாத்திரைக்கு மறுநாளே, இடைவெளி இல்லாமல். அப்படிச் செய்தால் ஆணுறை வேண்டாம். மினி பில்லிலிருந்து கூட்டு மாத்திரை: எந்த நாளும் மாறலாம், 7 நாள் ஆணுறை. ஊசியிலிருந்து எதற்கானாலும்: அடுத்த ஊசித் தேதியிலோ அதற்கு முன்போ தொடங்கிவிட்டால் போதும். காயிலிலிருந்து மாத்திரை: காயிலை எடுப்பதற்கு 7 நாள் முன்பே மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள், எடுத்துவிட்டுத் தொடங்கினால், முந்தைய நாள்களில் உள்ளே போன விந்தணு 5 நாள் வரை உயிரோடு இருக்கும். இம்பிளான்ட்டிலிருந்து கூட்டு மாத்திரை என்றாலும் 7 நாள் முன்பே. இம்பிளான்ட் காலாவதியாகிப் பல மாதம் ஆகியிருந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை.